புடவை பிறகு, முதலில் கைக்குட்டை

கோடை விடுமுறை தொடங்கியதும் பெருநகர அடுக்ககங்களின் அறிவிப்புப் பலகையில் ‘டை அண்ட் டை’ வகுப்புக்கான காகிதமும் ஏறிவிடுகிறது. பிள்ளைகள் ஒரு வெள்ளை டி-ஷர்ட்டைச் சுருளாகத் திருகுகிறார்கள், நாலு ரப்பர் பேண்ட் மாட்டுகிறார்கள், குப்பியிலிருந்து நாலு நிறத்தைப் பீய்ச்சுகிறார்கள், பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். மறுநாள் பிரித்தால் வானவில் சுழல். மூன்றாம் சலவையில் சுழல் வெளிறிப்போகிறது. கூடவே ஊறிய அப்பாவின் வேட்டி ரோஸ் நிறத்துக்கு மாறுகிறது. பெரும்பாலான வீடுகளில் சாயக்கலை அத்தோடு சரி.

பிள்ளைகள் கைப்பேசியை வைத்துவிட்டுக் கையில் சாயம் பூசிக்கொண்டு நிற்பதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த வகுப்புகள் சாயம் ஊற்றக் கற்றுத்தருகின்றன, கட்டக் கற்றுத்தருவதில்லை. கட்டுகிற கைகளோ வெகு தொலைவில் இல்லை, மதுரையில் இருக்கின்றன. அந்தக் கட்டை வீட்டில் பழகுவதற்கு டி-ஷர்ட்டும் துப்பட்டாவும் ஏற்றவை அல்ல. கைக்குட்டை, முடிக்குப் போடும் ஸ்க்ரஞ்சி, சில்லறை வைக்கும் சுருக்குப் பை போன்ற சின்னச் சாமான்களே ஏற்றவை. வீட்டுக்குச் சொல்வது மதுரைக்கும் பொருந்தும்: சுங்குடியை வாழவைக்கப் புடவையை மட்டும் நம்பியிருப்பது போதாது.

நாயக்க மன்னர்களின் ஆதரவில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிரச் சமூகத்தினர் கொண்டுவந்து வளர்த்த கலை சுங்குடி. துணியில் புள்ளி குறித்து, அந்த இடத்தைக் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிச் சுற்றி, பிறகு சாயத்தில் முக்குவார்கள். நூல் இருந்த இடத்தில் சாயம் ஏறாது. வெள்ளைப் புள்ளி நிற்கும். சொல்லும்போது அவ்வளவுதான். கட்டுவது பெரும்பாலும் பெண்கள், வீட்டில் இருந்தபடி. வைகைத் தண்ணீரில் அலசினால் நிறம் கெட்டியாகும் என்று அந்தக் காலத்தில் ஒரு பேச்சு உண்டு. இன்றைய வைகையில் அலசச் சொன்னால் சாயப்பட்டறைக்காரரே தயங்குவார்.

2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கடையில் ‘சுங்குடி’ என்று கேட்டால் எடுத்துப் போடுகிற சேலைகளில் பெரும்பாலானவை முடிச்சையே பார்த்திராதவை. மெழுகு அச்சு வைத்துச் சாயமேற்றியவை உண்டு, நேராக அச்சடித்தவையும் உண்டு. திண்டுக்கல் பக்கத்துச் சின்னாளபட்டியிலிருந்து வருகிற சுங்குடிகளிலும் அச்சுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அவை மோசமான துணிகள் அல்ல. வெயிலுக்கு இதமான பருத்தி, கைக்கு எட்டும் விலை, பல குடும்பங்களுக்குச் சோறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே தட்டில் அடுக்குவதில்தான் அநியாயம் இருக்கிறது. வித்தியாசம் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணத்துவமும் தேவையில்லை. கட்டிய புள்ளி சரியான வட்டமாக இருக்காது, கொஞ்சம் சதுரம் தட்டி, ஓரம் கசிந்து, பக்கத்துப் புள்ளியைப் போல இல்லாமல் நிற்கும். துணி புதிதாக இருந்தால் புள்ளி இருக்கும் இடம் விரலுக்குச் சின்னக் குமிழாகத் தட்டுப்படும். நேராக அச்சடித்ததில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு. துணியைத் திருப்பினால் பின்பக்கம் மங்கல்.

கட்டியதற்கு ஏன் அந்த விலை என்பது கணக்குப் போட்டால் தெரியும். நெருக்கமாகப் புள்ளி வைத்த சேலையில் முடிச்சுகள் பத்தாயிரத்தைத் தாண்டும். பழகிய கை ஒரு முடிச்சுக்குப் பத்து விநாடி எடுக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் முடிச்சுக்கு 28 மணி நேரம் ஆகிறது. கழுத்தைக் குனிந்து, கண்ணை இடுக்கி, ஒரே விரல் நகத்தை நம்பிச் செய்கிற 28 மணி நேரம். சாயமேற்றுவது, உலர்த்துவது, முடிச்சு அவிழ்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு. அச்சுச் சேலையின் விலையோடு இதைப் போட்டி போடச் சொன்னால் எது தோற்கும் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. கட்டத் தெரிந்தவர்களின் மகள்கள் வேறு வேலைக்குப் போவதில் ஆச்சரியமும் இல்லை.

இதே கணக்கைக் கைக்குட்டைக்குப் போடலாம். 40 சென்டிமீட்டர் சதுரத் துணி, இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி, வரிசைக்குப் பதினைந்து புள்ளி, பதினைந்து வரிசை. மொத்தம் 225 முடிச்சு. பழகிய கைக்கு நாற்பது நிமிடத்துக்குள் முடிகிற வேலை. முடிச்சுக்கு முக்கால் நிமிடம் தடுமாறுகிற புதியவருக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அந்த மதியத்தில் விரல்நுனி எரியும்போது, சுங்குடிக் கடையில் பேரம் பேசிய நினைவு வந்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

சின்னத் துணியில் கட்டி விற்பது புதிய யோசனையும் அல்ல. ஜப்பானின் நகோயா அருகே அரிமட்சு என்றொரு ஊர். 1608-இல் உருவானது. எடோவையும் கியோட்டோவையும் இணைத்த தோக்காய்தோ பெருஞ்சாலை அந்த ஊர் வழியாகப் போனது. விவசாயத்துக்கு வசதியில்லாத இடம். அங்கே குடியேறியவர்களில் ஒருவரான தாகேடா ஷோகுரோ, பருத்தித் துணியைக் கட்டி அவுரி நீலத்தில் முக்கி, கைத்துண்டுகளாக வழிப்போக்கர்களுக்கு விற்கத் தொடங்கினார். பயணிகள் ஊருக்கு வாங்கிப்போகும் பொருளாக அது பெயர் பெற்றது. கிமோனோத் துணியும் பிறகு அதே பட்டறைகளிலிருந்து வந்தது. நானூறு ஆண்டுகள் கழித்தும் அரிமட்சு ‘ஷிபோரி’ என்கிற கட்டுச்சாயத் துணியின் ஊராகவே அறியப்படுகிறது.

நம் பக்கத்திலும் முன்மாதிரி உண்டு. வங்காளத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் ஏறிய சரக்குகளில், புள்ளிக்கட்டுச் சாயமேற்றிய பட்டுக் கைக்குட்டையும் ஒன்று. ஐரோப்பாவில் மூக்குப்பொடி போடுகிறவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். வெள்ளைக் கைக்குட்டையில் பொடிக்கறை பல்லிளிக்கும். அடர்சிவப்பில் புள்ளி போட்டதில் தெரியாது. ‘பந்தனா’ என்று இன்று உலகெங்கும் தலையிலும் கழுத்திலும் கட்டுகிற துணியின் பூர்வீகம் அதுதான்.

இனி வீட்டு வேலைக்கு வரலாம். வேட்டி ரோஸ் நிறமாவதற்குப் பிள்ளைகள் பொறுப்பல்ல, சாயம்தான் பொறுப்பு. ‘எல்லாத் துணிக்கும்’ என்று விற்கிற கலவைச் சாயப் பொட்டலங்களில் பருத்திக்கென்று இருப்பது நேர்ச்சாயம். கொதிநிலைக்கு அருகே காய்ச்சினால்தான் ஓரளவு பிடிக்கும்; அப்படிப் பிடித்தாலும் நூலோடு ஒட்டிக்கொண்டிருக்குமே தவிர, இரண்டறக் கலக்காது. ஒவ்வொரு சலவையிலும் கொஞ்சம் கிளம்பி வரும். பருத்திக்கு ஏற்றது ரியாக்டிவ் சாயம். இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ராட்டி, ஸ்டீஃபன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1954-இல் கண்டறிய, 1956-இல் ‘புரோசியான்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இது பருத்தி இழையின் செல்லுலோஸோடு வேதிப் பிணைப்பே ஏற்படுத்திக்கொள்கிறது. இதில் குளிர்சாய வகைக்கு அடுப்பே தேவையில்லை. நம் ஊர் வெயிலின் சூடு தாராளம். திருப்பூரும் ஈரோடும் வண்டி வண்டியாக வாங்குவது இந்தக் குடும்பத்துச் சாயங்களைத்தான். சாயக்கடையில் ‘கோல்டு ரியாக்டிவ்’ என்று கேட்டால் சில்லறையாகவும் தருவார்கள்.

இந்தப் பிணைப்பு நடக்கக் காரம் வேண்டும். அந்தக் காரம் சலவைச் சோடா, அதாவது சோடியம் கார்பனேட். சமையலறை அலமாரியில் இருக்கும் ஆப்பச் சோடா அல்ல. அதன் காரம் போதாது. இந்த இடத்தில் குழம்பியவர்களின் துணிதான் அலசும்போதே வெளுத்துப்போகிறது. காரம் நிறத்தை என்ன செய்யும் என்பது தமிழ் வீடுகளுக்குப் புதிதல்ல. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் ஆலத்தி சிவப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சாயத்துக்கும் சோடாவுக்கும் இடையே நடப்பது வேறு வினை என்றாலும், சோடா இல்லாமல் அதுவும் நடக்காது.

உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் சாயம் போகாது என்று ஒரு குறிப்பு கைமாறிக்கொண்டே இருக்கிறது. பருத்திக்கு அதில் பாதிதான் உண்மை. உப்பு, சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூல் பக்கம் தள்ளும். அது சாயத்தொட்டியில் செய்கிற வேலை, பிறகு ஊறவைக்கும்போது அல்ல. வினிகர் அமிலம், ரியாக்டிவ் சாயத்துக்கு வேண்டிய காரத்தையே அது அடித்துவிடும். கம்பளிக்கும் பட்டுக்கும் அமிலச் சாயம் ஏற்றுகிறவர்களின் குறிப்பு வழிதவறிப் பருத்திக்காரர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

துணி சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும். மெல்லிய மல் துணியில் முடிச்சு அழகாக விழும். காடாத்துணி மலிவுதான், ஆனால் கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் ஏறியது. சோடா போட்டுக் கொதிக்கவைத்து அலசாமல் சாயத்தில் போட்டால் திட்டுத்திட்டாக நிற்கும். பாலியெஸ்டர் கலந்ததில் இந்தச் சாயம் அந்தப் பாலியெஸ்டர் இழையைத் தொடவே தொடாது. இதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. கடையில் வாங்கிய பருத்திக் கைக்குட்டையின் ஓரத்தைப் பெரும்பாலும் பாலியெஸ்டர் நூலில்தான் மடித்துத் தைத்திருப்பார்கள். நீலத்தில் முக்கி எடுத்தால் துணி நீலமாகவும் தையல் வெள்ளையாகவும் பளிச்சென்று நிற்கும். அது பிடிக்காவிட்டால் துணியைச் சாயமேற்றிவிட்டு, பிறகு ஓரம் அடிக்கலாம். ஸ்க்ரஞ்சிக்கும் அதே முறை. ஐம்பது சென்டிமீட்டர் நீளமும் பத்து சென்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டைக் கட்டிச் சாயமேற்றி உலர்த்திய பிறகு, குழாயாகத் தைத்து இருபது சென்டிமீட்டர் எலாஸ்டிக்கைக் கோக்க வேண்டும்.

கட்டுவதுதான் எல்லாவற்றையும்விட மெதுவானது. பென்சிலால் லேசாகப் புள்ளி குறித்து, இடது கையின் நகத்தால் புள்ளியின் நடுவைக் கிள்ளி மேலே தூக்க வேண்டும். கடுகளவு துணி மொட்டுப் போல நிமிர்ந்து நிற்கும். அதன் கழுத்தில் நூலை நாலைந்து சுற்று இறுக்கி, கடைசிச் சுற்றில் ஒரு கண்ணி போட்டு, நூலை அறுக்காமலே அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். குஜராத்தில் பாந்தணி கட்டுகிற பெண்கள் இதற்காகச் சுண்டுவிரல் நகத்தை நீளமாக வளர்க்கிறார்கள். கூர்முனை வைத்த மோதிரம் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. புதியவர்களின் முதல் இருபது முடிச்சுகள் நிச்சயம் தளர்ந்துதான் இருக்கும். புள்ளி சிறிதாக வராவிட்டால், உள்ளே ஏதாவது வைத்துக் கட்டலாம். கொண்டைக்கடலை வைப்பவர்கள் இருக்கிறார்கள். ராத்திரி முழுக்க ஊறினால் அது முளைகட்டும் பதத்துக்கு வந்துவிடும் என்பதால் பாசிமணி நல்லது. ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம். அது துணியை மூட்டையாகக் கட்டும், புள்ளி போடாது.

பல நிறம் வேண்டுமானால் வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குப் போவது வழக்கம். வெள்ளையில் கொஞ்சம் கட்டி மஞ்சளில் முக்கி, மஞ்சளில் இன்னும் கொஞ்சம் கட்டி அரக்கில் முக்கினால், அரக்குத் துணியில் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் கிடைக்கும். ஒரு கைக்குட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் சாயமும் கல் உப்பும் கரைத்து, நனைத்த துணியை அரை மணி நேரம் புரட்டிவிட வேண்டும். பிறகு தனியாகக் கரைத்துவைத்த சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இன்னும் ஒரு மணி நேரம். சோடா சேர்ந்த சாயத்தை நாளைக்கு என்று எடுத்துவைப்பதில் பயனில்லை. துணி கிடைக்காவிட்டால் அது தண்ணீரோடே வினைபுரிந்து சில மணி நேரத்தில் சத்துப் போய்விடும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வருகிற வீடுகளில் குடிதண்ணீரையோ மழைத்தண்ணீரையோ பயன்படுத்தினால் நிறம் தெளிவாக வரும். வைகைத் தண்ணீர்ப் பேச்சில் ஏதாவது உண்மை இருந்திருந்தால் அது இந்த வகையில் இருக்கலாம்.

அலசுவதை அவசரப்படுத்தக் கூடாது. முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சோப்புப் போட்ட வெந்நீர், தண்ணீர் தெளிகிற வரை. நூலோடு சேராத சாயம் முழுக்க வெளியேறுவது அப்போதுதான். உலர்ந்த துணியின் இரண்டு பக்கத்தையும் பிடித்து வெடுக்கென்று குறுக்கே இழுத்தால், சரியாகக் கண்ணி போட்ட முடிச்சுகள் படபடவென்று வரிசையாகத் தெறித்து அவிழும். கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நோண்டுகிறவர்களின் துணியில் சுலபமாக ஓட்டை விழும்.

இயற்கைச் சாயம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பீட்ரூட்டும் செம்பருத்தியும் துணிக்கு ஆகாது. நாலு வெயிலில் ஓடிவிடும். மஞ்சளும் வெயில் தாங்காது, அதோடு சோப்புப் பட்ட இடம் சிவக்கும். கடுக்காயில் ஊறவைத்துப் படிகாரம் ஏற்றிய துணியில் மாதுளைத் தோலைக் காய்ச்சி முக்கினால் மங்கல் மஞ்சள் நிலைக்கும். அவுரி நீலம் அருமையானது, திண்டிவனம் பக்கத்தில் இன்றும் பயிராகிறது. ஆனால் அந்த நீலத்தொட்டியைப் பதமாக வைத்திருப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை அல்ல. இயற்கை என்பதாலேயே எல்லாம் சுத்தம் என்றும் சொல்வதற்கில்லை.

ரியாக்டிவ் சாயப்பொடியை மூச்சில் இழுத்தால் சிலருக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமா போன்ற இளைப்பும் வரும். பொடியைக் கரைக்கும் வரை மின்விசிறியை நிறுத்திவிட்டு முகக்கவசம் போட்டுக்கொள்வது அவசியம். பிள்ளைகள் கையில் பொடியைத் தரவே கூடாது, கரைசலை மட்டும் தரலாம். சமைக்கிற பாத்திரத்தை எடுக்கக் கூடாது. வகுப்பு நடத்துபவர்கள் விளம்பரத்தில் வண்ணங்களைப் போடுகிற அளவுக்கு இதையும் போட்டால் நல்லது.

கழிவுத் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் சாயத்தைப் பற்றி எழுத முடியாது. நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குத் திறப்பதற்குப் பதிலாகத் திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியானது. கழிவை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. ஒரு கைக்குட்டையின் வாளித் தண்ணீரை அதோடு ஒப்பிடுவது மிகை. ஆனால் வீட்டில் பழகியவர் ஸ்க்ரஞ்சி விற்கத் தொடங்கி, மாதம் ஐந்நூறு உருப்படி என்று ஆர்டர் எடுத்தால் அது வீட்டுவேலை அல்ல, சாயப்பட்டறை. மொட்டை மாடியிலிருந்து மழைநீர்க் கால்வாயில் ஊற்றுகிற உரிமை அவருக்குக் கிடையாது. அதற்கும் சின்னச் சாமானும் முடிச்சும்தான் நல்ல கட்டுப்பாடு. பீய்ச்சுக் குப்பியால் ஒரு நாளில் நூறு துணி போடலாம்; நூலால் கட்டினால் நாலைந்து போடலாம், விலையும் அதற்கேற்ப வைக்கலாம்.

மதுரைக்குத் திரும்பினால், மீனாட்சி கோயிலைச் சுற்றி வருகிறவர்களில் புடவை வாங்க மனமும் பணமும் உள்ளவர்கள் ஒரு பங்குதான். மற்றவர்கள் குங்குமமும் வளையலும் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறுகிறார்கள். அரிமட்சுக்கு ஒரு நெடுஞ்சாலை கிடைத்தது. மதுரைக்கு ஆண்டு முழுக்கத் திருவிழாக் கூட்டமே இருக்கிறது. கையால் கட்டிய சுங்குடிக் கைக்குட்டை, சுருக்குப் பை, கழுத்துத்துணி என்று இருந்தால் தயங்காமல் வாங்க ஆள் இருக்கும். புதுமண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்து தைத்து, இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கிற தையற்காரர்களுக்கும் இதில் வேலை உண்டு.

துண்டுத்துணியில் என்ன கூலி மிஞ்சும் என்று கேட்கலாம். கட்டுபவருக்கு முடிச்சு எண்ணிக்கைக்குத்தான் கூலி என்றால், புடவையில் கட்டினாலும் கைக்குட்டையில் கட்டினாலும் அவருக்கு ஒன்றுதான். வியாபாரிக்குத்தான் வித்தியாசம். 28 மணி நேர உழைப்பை முடக்கிவைத்து ஒரு புடவைக்கு ஆள் தேடுவதைவிட, அதே உழைப்பை நாற்பது கைக்குட்டைகளாகப் பிரித்தால் பணம் சீக்கிரம் திரும்பும். ஒரு முடிச்சு கிழிந்தால் போவதும் ஒரு கைக்குட்டை மட்டுமே. கட்டப் பழகுகிற இளம்பெண்ணுக்கும் பத்தாயிரம் புள்ளிச் சேலையைக் கையில் கொடுத்து மிரட்டாமல், இங்கிருந்து தொடங்க வழி கிடைக்கும்.

இதற்குப் புதிய திட்டமோ புதிய அலுவலகமோ தேவையில்லை. கோ-ஆப்டெக்ஸிலும் பூம்புகார் விற்பனை நிலையங்களிலும் ஒரு தட்டு ஒதுக்கலாம். சீட்டில் ‘கையால் கட்டியது’, ‘அச்சிட்டது’ என்று இரண்டில் ஒன்றைக் கட்டாயமாக்கலாம். முடிச்சு எண்ணிக்கையையும் அதில் போடலாம். குஜராத்தில் பாந்தணியை முடிச்சு அவிழ்க்காமலே விற்கிற பழக்கம் இருக்கிறது. வாங்குபவர் கண்ணெதிரே இழுத்துப் பிரித்துக் காட்டுகிறார்கள். சுங்குடிக் கைக்குட்டையின் ஒரு மூலையில் பத்துப் புள்ளியை அப்படியே கட்டோடு விட்டு விற்றால், அச்சுக்காரர் எவரும் அதைப் போலி செய்ய முடியாது.